உடம்புக்குள்ளே ஒரு மருந்துக் கடை

மங்களூர் என்றதும் கடலும் தென்னந்தோப்பும் சிவப்பு ஓட்டு வீடுகளும் உங்கள் மனக்கண் முன் வந்து நின்றால், தயவு செய்து அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் சொல்லப் போவது மேற்குக் கடற்கரை மங்களூர் அல்ல. விருத்தாசலத்துக்கு மேற்கே, கடலூர் ஜில்லாவின் ஓரத்தில் இருக்கும் மங்களூர். கடலுக்கும் இந்த ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. மக்காச்சோளமும் பருத்தியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வளரும் மானாவாரி பூமி. அங்கே என் சித்தி இருக்கிறாள்.

விருத்தாசலத்துக்கு நான் போனது கொலுவுக்காக. நவராத்திரி வருகிறதே, பீங்கான் பொம்மை செய்கிறவர்களைப் பார்த்து எழுதலாம் என்று கிளம்பினேன். அங்கே வயதான தொழிலாளி ஒருவர், சூளையிலிருந்து இறக்கிய ஜாடிகளை ஒவ்வொன்றாக இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். 'ணங்' என்று சத்தம் வந்தால் வலப் பக்கம் வைப்பார். 'டொக்' என்றால் இடப் பக்கம். எனக்கு இரண்டு பக்கத்து ஜாடிகளும் ஒரே மாதிரி பளபளவென்றுதான் இருந்தன.

"மேலே மெருகு ஓடிப்போச்சுன்னா விரிசல் கண்ணுக்குத் தெரியாதும்மா. காதுக்குத் தெரியும்" என்றார் அவர்.

இந்த வார்த்தையை மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் மங்களூருக்குப் பஸ் ஏறினேன். பொம்மைக் கட்டுரையை இன்னும் எழுதவில்லை. அதற்குக் காரணம் சித்தியின் பக்கத்து வீட்டு அம்மாள்.

அந்த அம்மாளின் பெண் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் ஜில்லாப் போட்டி வரைக்கும் போய் வந்தவள். விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிவிட்டு வந்து, அம்மாவுக்கு இரண்டு குடம் தண்ணீரும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். நான் பத்திரிகையில் வேலை செய்கிறேன் என்று சித்தி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அந்த அம்மாள் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளை டப்பா. மேலே தசை புடைத்த பயில்வான் ஒருவனுடைய படம்.

"ஏம்மா, நீங்க படிச்சவங்க. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. போட்டிக்குப் போன இடத்துல ஒருத்தர் கொடுத்தாரு. பாலில கலந்து குடுங்க, பொண்ணு பறப்பான்னாரு. இது சும்மாவாம். இனிமே ஜீன் ஊசின்னு ஒண்ணு வரப்போவுதாம். ஒரே ஒரு தரம் போட்டாப் போதுமாம். உடம்பே மருந்து செஞ்சுக்குமாம். எந்த டெஸ்ட்டுலயும் மாட்டாதாம். நிசமாம்மா?"

நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் யார், எந்த ஊர், உள்ளே என்ன சரக்கு என்று ஒன்றும் அச்சிடப்படவில்லை. "இதை இப்போதைக்குக் கொடுக்காதீங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். ஜீன் ஊசி பற்றிய கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு மாத காலம் புத்தகங்களையும் விஞ்ஞானப் பத்திரிகைகளையும் புரட்டியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஓடுகிற பெண்ணோ பிள்ளையோ இருக்கிற தாய்மார்கள் அடுப்பைச் சற்றே இறக்கி வைத்துவிட்டுப் படிக்கலாம்.

தோஹாவில் இரண்டு பெண்கள்

கத்தார் தேசத்தின் தலைநகர் தோஹா. அந்த ஒரே ஊரில், அதே எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில், நம் தமிழ்நாட்டுப் பெண்கள் இருவர் பதக்கம் வாங்கினார்கள். இருவருமே பின்னால் அதை இழந்தார்கள். கதாசிரியர் யாராவது இப்படி எழுதினால், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று நாம் சண்டைக்குப் போவோம். நடந்திருக்கிறது.

முதலாமவர் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். 2006 டிசம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். உடனே ஒரு பரீட்சை வைத்தார்கள்: இவர் பெண்தானா என்று! அதில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் மருந்து எதுவும் சாப்பிட்டவரல்ல. பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர். உடம்பின் உள்ளமைப்பு பிறவியிலேயே கொஞ்சம் வேறு விதமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த அவமானத்தில் உயிரையே விட்டுவிடப் பார்த்தார். பிறகு செங்கல் சூளையில் கூலி வேலைக்கும் போனார். வெகு காலம் கழித்துத்தான் பயிற்சியாளர் படிப்புப் படித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறவர் ஆனார்.

இரண்டாமவர் கோமதி மாரிமுத்து. திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் கிராமம். 2019 ஏப்ரலில் ஆசியத் தடகளப் போட்டியில் 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஊரே கொண்டாடியது. அடுத்த மாதமே, அவருடைய சிறுநீரில் நாண்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் இருந்ததாகச் செய்தி வந்தது. அந்த வருஷம் மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அதே தடயம் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. அந்த முடிவு காலாகாலத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கு விமானமே ஏறியிருக்க மாட்டார். தடை செய்த மருந்தைத் தாம் எடுத்துக்கொண்டதே இல்லை என்று கோமதி மறுத்தார். ஆனால் விளையாட்டு உலகத்தின் சட்டம் கடுமையானது. பொருள் உன் உடம்பில் இருந்தால் நீதான் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், எதில் கலந்திருந்தது என்று நிரூபிப்பதும் உன் பொறுப்பு. நான்கு வருஷத் தடை விதித்தார்கள். பதக்கமும் போயிற்று.

பார்க்கிறவர்களுக்கு இரண்டு கதையும் ஒன்று போலத் தோன்றும். இரண்டிலும் பரீட்சை, இரண்டிலும் கண்ணீர். ஆனால் பரீட்சை வைக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. ஒருவர் உடம்பில் வெளியிலிருந்து வந்த பொருள் ஒன்று அகப்பட்டது. மற்றவர் உடம்பில் இருந்ததெல்லாம் பிறக்கும்போதே கொண்டு வந்தது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாத பரீட்சை, ணங்கென்று ஒலிக்கிற நல்ல ஜாடியையும் சேர்த்து உடைத்துப் போட்டுவிடும். ஜீன் ஊசியின் விபரீதமே இங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த சரக்கு, பிறவிச் சரக்கு மாதிரியே வேஷம் போட்டுக்கொள்கிறது!

ஊசிக்குள் சமையல் குறிப்பு

ஜீன் என்கிற மரபணுவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நம் உடம்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு சமையலறை. மரபணு என்பது அங்கே மாட்டியிருக்கும் சமையல் குறிப்பு. உதாரணமாக, ரத்தத்தில் சிவப்பணு குறைந்தால் சிறுநீரகம் 'ஈ.பி.ஓ.' என்ற ஒரு பொருளைச் சமைத்து அனுப்புகிறது. எலும்பு மஜ்ஜை அதைப் பார்த்ததும் சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. சிவப்பணு அதிகமானால் பிராண வாயு அதிகம் போகும். ஓடுகிறவருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்காது.

இந்த ஈ.பி.ஓ.வை ஊசியில் ஏற்றிக்கொண்டு சைக்கிள் பந்தயக்காரர்கள் அடித்த கூத்து பழைய கதை. அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தொழிற்சாலையில் செய்த ஈ.பி.ஓ.வுக்கும் உடம்பு செய்வதற்கும் சின்னச் சின்ன பேதம் இருக்கிறது. ஜீன் ஊசி இதையும் தாண்டியது. அது சமைத்த பண்டத்தைக் கொடுப்பதில்லை. சமையல் குறிப்பையே கொடுத்துவிடுகிறது. வியாதி உண்டாக்க முடியாதபடி பல்லைப் பிடுங்கிய ஒரு வைரஸின் முதுகில் அந்தக் குறிப்பை ஏற்றித் தசைக்குள் அனுப்பினால், தசை அதைப் படித்து, தானே ஈ.பி.ஓ. சமைக்க ஆரம்பித்துவிடும். உடம்புக்குள்ளேயே ஒரு மருந்துக் கடை! மங்களூர் அம்மாளிடம் அந்த மனிதர் சொன்னது முழுப் பொய் அல்ல.

இந்த வித்தை பந்தயத்துக்காகப் பிறந்ததல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், கடுமையான ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு இதே வழியில் வைத்தியம் செய்தார்கள். அடிபட்டால் ரத்தம் உறையாத வியாதி அது. சில குழந்தைகளுக்கு முழங்காலுக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கிவிடும். நோயாளியின் ரத்த மூல அணுக்களை வெளியே எடுத்து, குறைந்திருந்த மரபணுவை வைரஸ் மூலம் அவற்றில் சேர்த்து, மறுபடி உடம்பில் செலுத்தினார்கள். அதன் பிறகு ஐந்து பேருக்கும் ரத்தக் கசிவு நின்றுபோயிற்று. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் பெயர்போன வைத்தியப் பத்திரிகை இதை வெளியிட்டது. நம் வேலூரில் நடந்த காரியம் என்று பெருமைப்படலாம்.

ஆனால் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துச் செய்வதை, மைதானத்து ஓரத்தில் ஒருவன் பையிலிருந்து ஊசியை எடுத்துச் செய்தால்? குரங்குகளுக்கு ஈ.பி.ஓ. மரபணுவைச் செலுத்திப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சில குரங்குகளுக்குச் சிவப்பணு கட்டுக்கடங்காமல் பெருகி, ரத்தம் ரசம் போல ஓடாமல் பாகு போலக் கெட்டியாயிற்று. அவ்வப்போது ரத்தத்தை இறக்கித்தான் அவற்றைக் காப்பாற்ற முடிந்தது. வேறு சில குரங்குகளுக்கு நேர்மாறாக நடந்தது. உடம்பின் காவல்படை புது ஈ.பி.ஓ.வை அந்நியன் என்று நினைத்துத் தாக்கியது. கூடவே சொந்த ஈ.பி.ஓ.வையும் அழித்துவிட்டது. விளைவு, கடுமையான ரத்தசோகை. அமெரிக்காவில் ஜெஸ்ஸி ஜெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன், ஈரல் கோளாறு ஒன்றுக்கான ஜீன் சிகிச்சைச் சோதனையில் சேர்ந்து, ஊசி போட்ட நான்காம் நாள், 1999 செப்டம்பர் 17-ஆம் தேதி இறந்துபோனான். பெரிய சர்வகலாசாலையில், பெரிய டாக்டர்கள் சூழ இருந்தபோதே அப்படி. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் நிறுத்திவிடலாம். உடம்புக்குள் திறந்த கடையை யார் போய் மூடுவது?

மாஸ்டர் கொடுத்த நீல மாத்திரை

இவ்வளவு ஆபத்து என்றால் யார் போட்டுக்கொள்வார்கள் என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 1998-ல் அமெரிக்க விஞ்ஞானி லீ ஸ்வீனி என்பவர், தசையை வளர்க்கும் மரபணுவை எலிகளுக்குச் செலுத்தி, கிழ எலிகளின் தசை தளராமல் இருப்பதைக் காட்டினார். தசை நோய்க்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் உதவும் என்பது அவர் எண்ணம். விளையாட்டு வீரர்களிடமிருந்து கடிதங்களும் டெலிபோன்களும் வந்து குவிந்தன. ஒரு பள்ளிக்கூடக் கால்பந்துப் பயிற்சியாளர், தம் பையன்கள் அத்தனை பேருக்கும் போட்டுவிட முடியுமா என்று கேட்டாராம்! எலியோடு நிற்கிறது, மனிதருக்குச் சோதித்ததில்லை என்று சொன்னாலும் கேட்பவர்களுக்கு அது தடையாகத் தெரியவில்லை.

பழைய கிழக்கு ஜெர்மனியில் 1970-களிலும் 80-களிலும் ஆயிரக்கணக்கான விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஆண் ஹார்மோன் மாத்திரைகளை அரசாங்கமே திட்டம் போட்டுக் கொடுத்தது. சின்னஞ்சிறு நீல மாத்திரை. "இது வைட்டமின்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் குழந்தைகள் மாஸ்டர் சொல்லைத் தட்டாமல் விழுங்கினார்கள். குரல் கட்டையாயிற்று, முகத்தில் ரோமம் முளைத்தது, பின்னாளில் ஈரலும் கருப்பையும் கெட்டன. பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2000-ல்தான் பெர்லின் கோர்ட்டில் அந்தத் திட்டத்தின் பெரிய தலைகள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

அந்தக் கிழக்கு ஜெர்மனியில் தொழில் பழகிய பயிற்சியாளர்களில் ஒருவர் தாமஸ் ஸ்பிரிங்ஸ்டைன். வயது வராத வீராங்கனைக்கு ஊக்க மருந்து கொடுத்ததற்காக 2006-ல் அவருக்குத் தண்டனை விதித்தார்கள். அந்த வழக்கில் அவருடைய கம்ப்யூட்டர் கடிதங்களைப் படித்துப் பார்த்தபோது, 'ரெப்பாக்ஸிஜன்' என்ற சரக்கு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வரி அகப்பட்டது. ரெப்பாக்ஸிஜன் என்பது ரத்தசோகைக்காக ஆங்கிலக் கம்பெனி ஒன்று ஆராய்ந்துகொண்டிருந்த ஈ.பி.ஓ. ஜீன் மருந்து. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களே தவிர, கடைக்கு வந்ததே இல்லை. அதையும் ஒருவர் தேடியிருக்கிறார்! உலக ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனம் 2003-லேயே ஜீன் ஊக்கத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? இன்றுவரை ஜீன் ஊசிக்காக எந்த வீரரும் பிடிபட்டதாக அறிவிப்பில்லை. யாரும் போட்டுக்கொள்ளவில்லையா, போட்டுக்கொண்டு தப்பினார்களா? அவரவர் ஊகம்.

மிருகங்கள் விஷயம் இன்னும் ஒரு படி முன்னே போய்விட்டது. வேப்பூர் ஆட்டுச் சந்தையில் வியாபாரிகள் ஆட்டின் முதுகை விரலால் அமுக்கிச் சதை பார்ப்பார்கள். அந்தச் சதைக்கு 'போதும், நிறுத்து' என்று உத்தரவு போடும் மரபணு ஒன்று ஆடு, மாடு, குதிரை, நாய், மனிதர் எல்லோருக்கும் உண்டு. மயோஸ்டாட்டின் என்று பெயர். அது பழுதானால் சதை நிற்காமல் வளரும். விப்பெட் என்ற பந்தய நாய் ஜாதியில், தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பழுது வந்தால் நாய் சிட்டாய்ப் பறக்கிறது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் பயில்வான் மாதிரி உருண்டு திரண்டு, ஓட்டத்துக்கு உதவாமல் போகிறது. இது இயற்கை விளையாட்டு. அர்ஜென்டினாவில் கெய்ரான் என்ற கம்பெனி, பேர் பெற்ற போலோ குதிரை ஒன்றின் நகலாக, இந்த மரபணுவைத் திருத்தி, ஐந்து குதிரைக் குட்டிகளை 2024-ல் பிறக்க வைத்துவிட்டது! அந்த நாட்டுப் போலோ சங்கம் அவற்றைப் போட்டியில் சேர்க்க மாட்டோம் என்று கதவைச் சாத்தியிருக்கிறது. குதிரைப் பந்தயத்திலும் ஜீன் ஊக்கத்துக்குத் தடை உண்டு. கண்டுபிடிக்கும் வழிகளை ஜப்பானியப் பந்தயப் பரிசோதனைச்சாலைக்காரர்கள் மும்முரமாகத் தேடி வெளியிட்டு வருகிறார்கள். மனிதப் பிள்ளைகளாவது ஊசியைப் பார்த்து அழும். குதிரைக் குட்டி யாரிடம் போய்ச் சொல்லும்?

தொடர்கதையும் பைண்டு புத்தகமும்

சரி, அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். டெஸ்ட்டில் மாட்டாதா?

மாட்டும். எப்படி என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகிகளுக்குப் புரிய வைப்பது மிகச் சுலபம். நீங்கள் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தவர்கள்தானே? பத்திரிகையில் வரும்போது முதல் அத்தியாயத்துக்கும் இரண்டாம் அத்தியாயத்துக்கும் நடுவே எத்தனையோ இருக்கும்: தலைவலித் தைல விளம்பரம், துணுக்கு, கோலம், வடு மாங்காய் போடும் விதம். பைண்டு செய்யும்போது கதையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறோம். முதல் அத்தியாயத்தின் கடைசி வரியை ஒட்டி இரண்டாம் அத்தியாயம் வந்துவிடுகிறது.

இயற்கை நமக்குக் கொடுத்த மரபணு, பத்திரிகையில் வந்தபடியே இருப்பது. ஈ.பி.ஓ. மரபணுவில் கதைப் பகுதி ஐந்து. நடுவே கதைக்குச் சம்பந்தமில்லாத இடைச்செருகல் நான்கு. ஆனால் வைரஸ் சின்ன வண்டி. அதிகப் பாரம் ஏற்ற இடமில்லை. ஆகவே ஜீன் மருந்து செய்கிறவர்கள் இடைச்செருகல்களை நீக்கிவிட்டு, பைண்டு புத்தகத்தைத்தான் ஏற்றி அனுப்புகிறார்கள். பரிசோதனைக்காரர்கள் ரத்தத்தை எடுத்து, கதையின் முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் நேராக ஒட்டிக்கொண்டிருக்கிற பக்கம் ஏதாவது உண்டா என்று தேடுகிறார்கள். பிறவி மரபணுவில் அப்படி ஒரு பக்கம் இருக்கவே முடியாது. இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது!

தேடுகிற கருவி உங்களுக்குத் தெரிந்ததுதான். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டு எடுத்துப் போய்ப் பார்த்தார்களே, அந்தப் பி.சி.ஆர். வித்தை. லட்சத்தில் ஒன்றாக ஒளிந்திருக்கும் துணுக்கையும் பல்லாயிரம் பிரதி எடுத்துக் காட்டிவிடும். எலிகளுக்குத் தசையில் ஒரு தரம் ஊசி போட்டுவிட்டு, பல வாரம் கழித்து ஒரு துளி ரத்தத்தில் பார்த்தபோதும் தடயம் தெரிந்தது. 2021-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனம், ஈ.பி.ஓ. ஜீன் ஊசியை இந்த முறையில் கண்டுபிடிப்பதற்குப் பரிசோதனைச்சாலைகளுக்கு வழிமுறை வகுத்துக் கொடுத்தது.

இந்தப் பரீட்சையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அது குற்றவாளியைப் பிடிப்பது கூட அல்ல. குற்றமற்றவரை விட்டுவிடுகிறதே, அதுதான். ஃபின்லாந்து தேசத்தில் ஏரோ மாந்தூராந்தா என்று ஒருவர் இருந்தார். பனிச்சறுக்கு ஓட்டத்தில் ஏழு ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். 1964-ல் மட்டும் இரண்டு தங்கம். அவருடைய ரத்தத்தில் சிவப்பணு ஏராளம். ரத்தத்தில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்று ஊரெல்லாம் முணுமுணுத்தது. சுமார் முப்பது வருஷம் கழித்து விஞ்ஞானிகள் அவருடைய குடும்பத்தையே பரிசோதித்தார்கள். ஈ.பி.ஓ.வுக்குக் காது கொடுக்கிற மரபணுவில் பிறவியிலேயே ஒரு மாறுதல். உறவினர் பலருக்கும் அது இருந்தது! அதாவது அவருடைய எலும்பு மஜ்ஜை, மெல்லச் சொன்னாலே 'உத்தரவு' என்று வேலையை ஆரம்பித்துவிடுகிற ரகம். சிவப்பணுவை எண்ணிப் பார்த்தால் அவர் திருடராகத் தெரிவார். பைண்டு புத்தகத்தைத் தேடினால், அவரிடம் அது அகப்படாது.

சாந்திக்கு 2006-ல் வைத்த பரீட்சை வேறு; கேட்ட கேள்வியே வேறு. ஆனாலும் இதைப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. கையில் கருவி இருந்தால் மட்டும் போதாது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், தேடி முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரிய வேண்டும். அந்தப் பெண்ணின் பெயர் எவ்வளவு வேகமாகப் பத்திரிகைகளில் வந்தது! நானும் பத்திரிகைக்காரிதான், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

திருடனும் சும்மா இருக்க மாட்டான் என்பது வாஸ்தவம். பைண்டு புத்தகத்தில் வேண்டுமென்றே ஒரு விளம்பரத்தைச் சேர்த்துத் தைக்கலாம். 2020-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு வாங்கிய இரண்டு பெண்மணிகள், ஷார்ப்பென்டியேயும் டௌட்னாவும், கண்டுபிடித்த கிரிஸ்பர் கத்திரியால் மரபணுவில் ஓர் எழுத்தை மட்டும் திருத்திவிட்டால், பிறவியா திருத்தமா என்று சொல்வது வெகு கஷ்டம். அதற்காகத்தான் வேறு இரண்டு காவல்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, நாம் பால்காரர் கணக்கு எழுதி வைப்பது மாதிரி, பெரிய வீரர்களின் ரத்தக் கணக்கை வருஷக்கணக்காக எழுதி வருவது. இது 2009-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. மரபணு எப்படி இருந்தாலும், திடீரென்று ஒரு மாதத்தில் கணக்கு எகிறினால் ஏன் என்று கேட்கலாம். இன்னொன்று, எடுத்த மாதிரியைப் பத்து வருஷம் வரை உறைய வைத்துப் பாதுகாப்பது. இன்று தெரியாதது ஐந்து வருஷத்தில் தெரிய வரலாம். 'எந்த டெஸ்ட்டிலும் மாட்டாது' என்று மைதானத்தில் சொன்ன மனிதர், எந்த வருஷத்து டெஸ்ட்டைச் சொன்னார்?

ஜீன் ஊசி நாளைய பயம். இன்றைய பயம் அந்த வெள்ளை டப்பா. 2024-ல் நம் தேசத்தில் பரிசோதித்த 7,113 மாதிரிகளில் 260-ல் தடை செய்த பொருள் இருந்தது. உலகத்தில் பெரிய அளவில் பரிசோதனை நடத்தும் தேசங்களில் இந்தக் கீர்த்தி நமக்குத்தான் முதலிடம் வாங்கிக் கொடுத்தது. அத்தனை பேரும் திட்டம் போட்டுத் திருடியவர்கள் என்று நான் நம்ப மாட்டேன். டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்காதவர்களும், கேட்கத் தெரியாதவர்களும் அதில் இருப்பார்கள். நம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 'நோ யுவர் மெடிசின்' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. சளி மாத்திரையானாலும் சரி, பெயரைப் போட்டுப் பார்த்தால் தடைப் பட்டியலில் உண்டா இல்லையா என்று சொல்லும். பெயரே இல்லாத டப்பாவுக்கு அதுவும் பதில் சொல்லாது.

தீபாவளிக்கு மங்களூருக்கு மறுபடி போனேன். டப்பா எங்கே என்று கேட்டேன். பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, தேய்த்துக் கழுவி, அதில் கடுகு போட்டு வைத்திருந்தாள் அந்த அம்மாள். பயில்வான் அலமாரியில் கடுகுக்குக் காவல் நின்றான்.

"அந்த ஆள் மறுபடி வந்தாராம்மா. யார் செஞ்சது, பில்லு குடுன்னு கேட்டேன். போனவருதான்."

திண்ணையில் உட்கார்ந்து இத்தனை கதையையும் சொன்னேன். பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். தொடர்கதை விஷயம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. குரங்குக் கதைக்கு முகத்தைச் சுளித்தாள். ஃபின்லாந்துக்காரர் கதை முடிந்ததும் வெகு நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, அந்தத் தாத்தா பனியில எப்படி ஓடினாரு? நம்ம மார்கழிப் பனி மாதிரியா? வெறுங்காலோடயா?"

காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு ஓடுவார்கள் என்றேன். அவள் தன் பாதத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, பலகாரத் தட்டுக்கெல்லாம் முன்னால், பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.